ஒரு கவருக்கு இரண்டு அட்டை

நல்லது செய்கிறேன் என்று கிளம்புகிறவர்களை ஒரு நாள் முழுக்க அறையில் போட்டுப் பூட்டி வைக்கலாம் என்று சட்டம் வந்தால், இசைவாணி முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுவாள். உள்ளே போக வேண்டியவர் யார் என்பதிலும் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கட்டின புருஷன் தேவநாதன்தான்.

கடலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் இசைவாணிக்கு ஒரே ஒரு கிறுக்கு. முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்னால் பபுள்கம் பாக்கெட்டுக்குள் வந்த கிரிக்கெட் அட்டைகளைச் சேர்ப்பாள். மடங்காத, கறைபடாத அட்டைக்கு ஆயிரக்கணக்கில் கொட்டுகிற பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். இவள் பத்து ரூபாய்க்கு மேல் தர மாட்டாள். அந்த விலைக்குக் கிடைப்பதெல்லாம் பின்பக்கம் பையன்கள் பேனாவால் கிறுக்கித் தள்ளியவை. இவளுக்கு அந்தக் கிறுக்கல்தான் உயிர். ‘கு. ரவி, ஆறாம் வகுப்பு ஆ பிரிவு.’ ‘இதைத் திருடுகிறவன் கணக்கில் ஃபெயில்.’ ‘பாலுவிடம் இரண்டு கோலி கொடுத்து வாங்கியது.’ முகம் தெரியாத இந்தப் பையன்களை நினைத்து பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வருவாள்.

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் வந்தாள். சிதம்பரத்தில் மேலவீதிப் பக்கம் ஒரு பழைய பேப்பர் கடையில் மூன்று அட்டை கிடைத்திருந்தது. வீட்டுக்குள் நுழைந்தால், மேஜை மேல் அவளுடைய எண்பத்தாறு அட்டைகளும் பளபளவென்று கிடந்தன. அத்தனையும் லேமினேஷன்.

“எப்படி இருக்கு வாணி? கண்ணாடியாட்டம் இல்ல?” என்றார் தேவநாதன்.

செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறவர் அவர். பத்து வருஷத்துக்கு முந்தைய வெள்ளத்தில் தன் சர்டிபிகேட்டெல்லாம் கூழாய்ப் போனதிலிருந்து கண்ணில் பட்டதையெல்லாம் லேமினேஷன் போட ஆரம்பித்தார். ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, குக்கரின் வாரண்டி அட்டை எதுவும் தப்பவில்லை. இத்தனை நாள் அவளும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள். அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தத் தண்டனை.

ஒன்றை எடுத்துத் திருப்பினாள். அந்தப் பக்கமும் ஒரு ஆட்டக்காரர் மட்டையோடு நின்றார்.

“பின்பக்கம் எங்க மாமா?” அவர் அத்தை மகன், கல்யாணமாகி இருபது வருஷத்துக்குப் பிறகும் அவளுக்கு மாமாதான்.

“ஒரு கவர்ல ரெண்டு வச்சா செலவு பாதிதான? முதுகோட முதுகு சேத்து, நவுராம இருக்க நடுவுல கம்மு தடவச் சொன்னேன். ரெண்டு பக்கமும் ஆளு தெரியுது பாரு.”

“யாரக் கேட்டுச் செஞ்சீங்க? உங்க சட்டப் பையத் தொட்டாலே அந்தக் கத்து கத்துறீங்க. எம்பொருளத் தூக்கிட்டுப் போவ மட்டும் கேக்கத் தோணலையா?”

“கிறுக்கலத்தான மறைச்சேன். சின்னப் பசங்க கிறுக்கல் அது.”

அவளுக்கு ரத்தம் கொதித்தது. இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் ஒரு தடவையாவது ஒரு அட்டையைத் திருப்பிப் பார்த்திருப்பாரா? பார்த்திருந்தால் கம் தடவக் கை வந்திருக்குமா? இனிப் பிரித்தாலும் அட்டை கிழியும்.

“சரி, கோச்சிக்காத. பின்னாடி என்ன இருந்துச்சுன்னு சொல்லு. மார்க்கர்ல மேலயே எழுதிடுறேன்.”

வீம்புக்குச் சொல்ல ஆரம்பித்தாள். ரவி, ஆறாம் வகுப்பு. பாலு, இரண்டு கோலி. தேவநாதன் குண்டு குண்டாக, ஸ்டோர் ரூம் டப்பாவுக்கு எழுதுவது போல எழுதினார். அதைப் பார்க்கவே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ரவி எழுத்து கோணலா இருக்கும்!” என்று கத்தினாள். ஆனாலும் விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். அவளுக்கு எல்லாமே மனப்பாடம்.

பத்தொன்பதாவது கவரில் வாய் நின்றது.

பச்சை மை என்பது ஞாபகம் இருந்தது. அந்தப் பையன் தன் பேருக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருப்பான். பேர் வரவில்லை. தேவநாதன் கவரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

“வாணி, ஏதாச்சும் ஒரு பேரப் போட்டுக்கலாம். யாருக்குத் தெரியப்போவுது?”

அவர் கையிலிருந்த மார்க்கரைப் பிடுங்கினாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. அழுகிறோமே என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

“அவன் இந்த அட்டைய வச்சிருந்தான்னு ஒலகத்துல தெரிஞ்சவ நான் ஒருத்திதான் மாமா. இப்ப எனக்கும் தெரியாது.”