பதினாறு செக்கன்

"மடிச்ச கை உன்ட கைதானே? வேற ஆரும் வந்து மடிச்சிட்டுப் போனதா? வாயத் தொறந்து சொல்லுடி."

கமறியா கேட் கம்பியைப் பிடித்து உலுக்கிய உலுக்கலில் மேலிருந்த துரு முழுக்க அவளுடைய புது அபாயாவில் கொட்டியது. அவளோ அதைப் பார்க்கிற நிலையில் இல்லை. கண்டக்குழி ஊரில் அந்நேரம் சோறு அடுப்பில் இருந்த வீடுகளிலெல்லாம் சோறு அடிப்பிடித்தது. பெண்கள் வேலியோரம் வந்துவிட்டார்கள். வராதவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள்.

கேள்வி முற்றத்தில் நின்ற றிஸ்னாவுக்கு. பதில் சொன்னது அவளுடைய உம்மா ஜுனைதா. கலியாணம் பேச வந்த இடத்தில் பெண்ணைப் பார்க்காமல் வீட்டு உறுதிப் பத்திரத்தைக் கேட்ட வாய், இப்போது மடிப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறதா என்று அவள் உள்ளே இருந்தே கேட்டாள். மன்னாரிலிருந்து சொப்பிங் பையோடு வந்து இறங்கியவர்களுக்கு இவ்வளவு வாயா என்று கமறியா திருப்பிக் கொடுத்தாள். சொந்த ஊரிலிருந்து விரட்டப்பட்டு, கையில் அகப்பட்டதோடு வந்து முப்பத்தைந்து வருடம் ஆகிறது. ஆனாலும் சண்டை வந்தால் ஊரில் அந்த சொப்பிங் பை இன்னும் புதிதாகத்தான் இருக்கும்.

"கலியாணம் முறிஞ்ச கோவத்துக்கு என்ட மகன வானத்திலயிருந்து கீழ போட்டிட்டாள்" என்று வேலியோரம் நின்றவர்கள் பக்கம் திரும்பிச் சொன்னாள் கமறியா. "ஜபார் மாஸ்டர் பொலிசுக்குச் சொல்லாட்டி நான் சொல்லுவன். வெள்ளிக்கிழம வரைக்கும் பாப்பன்."

மற்றதையெல்லாம் விட்டுவிட்டு றிஸ்னா அந்த வெள்ளிக்கிழமையை மட்டும் பிடித்துக்கொண்டாள். ஏனென்றால் ஜபார் மாஸ்டரும் அன்று காலை அதே வெள்ளிக்கிழமையைத்தான் சொல்லியிருந்தார்.

கடற்கரைக்குப் பின்னால் உள்ள வெட்டவெளியில், விமானத்திலிருந்து குதிக்கும் முகாம் ஒன்றை ஜபார் மாஸ்டர் நடத்தி வந்தார். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். சுற்றுலா வரும் வெள்ளைக்காரரைத் தன் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பத்தாயிரம் அடியிலிருந்து குதிப்பார். கூடவே குதித்து அதை வீடியோ எடுப்பவன் கமறியாவின் மகன் அஃப்ராஸ். இறங்கிய பாரசூட்டுகளைத் தகரக் கொட்டகைக்குள் விரித்து, கயிறு பிரித்து, மடித்துப் பையில் அடைப்பவள் றிஸ்னா. ஒரு பாரசூட்டுக்கு இருபது நிமிடம் பிடிக்கும். இரண்டு வருடத்தில் இரண்டாயிரத்துக்கு மேல் மடித்துவிட்டாள். ஒன்றுகூடத் திறக்காமல் போனதில்லை. இன்னும் நாற்பது மடித்தால் மாஸ்டர் கையெழுத்துப் போட்டுச் சான்றிதழ் தருவார். அது கையில் கிடைத்தால் டுபாயில் எந்த முகாமிலும் வேலை எடுக்கலாம். அஃப்ராஸோடு பேசிய கலியாணம் முறிந்த நாளிலிருந்து அவள் எண்ணிக்கொண்டிருந்தது அந்த நாற்பதைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அஃப்ராஸ் விழுந்தான். ஜபார் மாஸ்டரின் பாரசூட் ஐயாயிரம் அடியில் திறந்தது. அஃப்ராஸ் மூவாயிரத்து ஐந்நூறில் திறக்க வேண்டும், திறக்கவில்லை. எழுநூற்று ஐம்பது அடிக்கு வந்தும் ஆள் அதே வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால், முதுகுப் பையிலுள்ள ஒரு சின்னப் பெட்டி இரண்டாவது பாரசூட்டைத் தானாகத் திறந்துவிடும். திறந்தது. அந்தச் சின்னப் பாரசூட்டில் காற்று இழுத்த பக்கமெல்லாம் போய், யாரோ ஒருவரின் வெங்காயப் பாத்தியில் விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டான். ஜீப் போய்ச் சேர்ந்தபோது முதல் பாரசூட் பாதி பைக்குள்ளும் பாதி வெங்காயத்துக்கு மேலுமாகக் கிடந்தது. நேரத்துக்கே இழுத்தேன், சிக்குப்பட்டு வரவில்லை, மடிப்புப் பிழை என்றான் அஃப்ராஸ். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுக்க அதையே சொன்னான்.

மாஸ்டர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கணக்கு அவருக்கும் சரியாக வரவில்லை. ஹெல்மெட்டின் காதோரம் ஒரு கருவி இருக்கும். எந்த உயரத்தில் எவ்வளவு வேகத்தில் விழுந்தான் என்று எல்லாவற்றையும் பதிந்து வைக்கும். எழுநூற்று ஐம்பது வரை எதுவும் திறக்கவில்லை என்று அது சொன்னது. இழுக்காமல் விட்டாலும் அப்படித்தான் காட்டும், இழுத்தும் வராமல் போனாலும் அப்படித்தான் காட்டும் என்று மாஸ்டர் நெற்றியைத் தடவினார். வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை எழுத வேண்டும், மடிப்புப் பிழை என்று எழுதினால் றிஸ்னா இனி எந்த முகாமிலும் ஒரு பாரசூட்டைத் தொட முடியாது என்றும் சொன்னார்.

கேட்டைப் பூட்டிவிட்டு றிஸ்னா நேரே கொட்டகைக்குப் போனாள். எல்லாரும் அந்தக் கருவியில் உயரத்தைப் பார்த்திருந்தார்கள். அவள் வேகத்தைப் பார்த்தாள். மணிக்கு நூற்றுத் தொண்ணூறு கிலோமீற்றர்.

அஃப்ராஸின் நிறை ஐம்பது கிலோ. உம்மா அள்ளி அள்ளிப் போட்டும் உடம்பில் ஒட்டாத வகை. ஒவ்வொரு குதிப்பின் வேகத்தையும் பின்னேரத்தில் மடிப்புப் புத்தகத்தில் எழுதுவது றிஸ்னாவின் வேலை. ஒரு வருடமாக அவன் நூற்று எழுபத்து நாலைத் தாண்டியதே இல்லை. மாஸ்டரும் வெள்ளைக்காரரும் சேர்ந்து பாரமாகக் கீழே போவார்கள். இவன் மேலே பஞ்சுபோல மிதப்பான். அதனால் வீடியோவில் வெள்ளைக்காரரின் முகம் வராது, உச்சந்தலைதான் வரும். போன மாதம் ஒரு ஜெர்மன்காரன், என் வழுக்கையை நான் இதற்கு முன் இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை என்று எழுதிவிட்டுப் போனான். நெஞ்சை முன்னுக்குத் தள்ளி வளை, கைகால்களைச் சுருக்கு, உடம்போடு ஒட்டிய உடுப்பைப் போடு, வேகம் வரும் என்று மாஸ்டர் நூறு தரம் சொல்லியிருப்பார். காற்றில் படபடக்கிற அகலக் கை உடுப்பில்தான் அழகாகத் தெரிகிறேன் என்று அஃப்ராஸ் கேட்கவில்லை. நிறை கட்டுவதற்கென்றே இடுப்பில் கட்டுகிற பெல்ட் மாதிரி ஒரு வார் இருக்கிறது, வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கிறேன், பொறு என்றார் மாஸ்டர். பொறுமை அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

அப்படியிருக்க, பஞ்சு எப்படி ஒரே நாளில் கல்லானது?

கேள்வியோடு கடற்கரைப் பக்கம் வந்தபோது, அங்கே கமறியாவின் புருஷன் பதுர்தீன் வேறொரு சண்டையில் இருந்தார். ஒரு வாரமாக அவருடைய வலை தாழவே இல்லை. அடிக்கயிற்றில் பாரத்துக்குக் கோர்த்த ஈயக் குண்டுகளில் எட்டுக் கிலோவை எவனோ அறுத்துப் போய்விட்டான் என்று ஒவ்வொரு தோணிக்காரனையும் பேர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார். எட்டுக் கிலோ என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு றிஸ்னா வீட்டுக்குத் திரும்பினாள். அன்றிரவு நன்றாகச் சாப்பிட்டாள் என்று ஜுனைதா பிற்பாடு சொல்லித் திரிந்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு ஜுனைதாவும் றிஸ்னாவும் ஜபார் மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு பதுர்தீன் வீட்டுக்குப் போனார்கள். நோய் விசாரிக்க வந்தவர்களை வாசலில் வைத்துத் திருப்ப முடியாது. எந்தப் பகையிலும் அந்த ஒரு கதவு திறந்தே ஆக வேண்டும். கமறியா திறந்தாள். சலாமுக்குப் பதில் சொன்னாள். ஜுனைதா கொண்டுபோன பிஸ்கட் பெட்டி, கடையில் இருந்தவற்றுள் மிகச் சிறியது. கமறியா அதை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மேசை நடுவில் வைத்தாள்.

அஃப்ராஸ் காலைக் கதிரையில் நீட்டிப் படுத்திருந்தான். றிஸ்னாவைக் கண்டதும் கூரையைப் பார்த்தான். பதுர்தீன் ஒரு மூலையில் நின்று தன்னுடைய ஈயத்தைப் பற்றி மாஸ்டரிடம் முறையிடத் தொடங்கினார். அவர் மூச்சு வாங்குகிற இடத்தில் றிஸ்னா புகுந்தாள். குரல் அவ்வளவு பணிவு.

"மாமி, மச்சானில பிழையில்ல. இடுப்பில கட்டின அந்த வார்ட தையல்தான் பிழை. மேல வச்சே தையல் விட்டு, ஈயம் ஒரு பக்கம் சரிஞ்சிட்டு. பாவம், நல்ல தையல்காரி ஒராளிட்டக் குடுத்திருந்தா இப்பிடி வந்திராது."

அவள் எந்த வாரையும் கண்டதில்லை. ஆனால் ஊசியில் நூல் கோர்க்கத் தெரியாத அஃப்ராஸ், எட்டுக் கிலோ ஈயத்தை எதிலாவது அடைக்க வேண்டுமென்றால் யாரிடம் போவான் என்பது அவளுக்குத் தெரியும்.

"என்ன வார்?" என்றான் அஃப்ராஸ். "நான் ஒரு வாரும் கட்டல்ல."

கமறியா மகனைப் பார்க்கவே இல்லை. இருபது வருடமாகக் கண்டக்குழியின் முக்கால்வாசி மணப்பெண்களுக்குத் தைத்தவள் அவள். "ஆருட தையல் விட்ட?" என்று கேட்டாள்.

"உம்மா, நீங்க சும்மா இரிங்க."

"நீ வாயப் பொத்து. ஆருட தையல் விட்ட எண்டு கேட்டன்."

றிஸ்னா தலையைக் குனிந்துகொண்டாள். "ஊரில அப்பிடித்தான் கதைக்கிறாங்க, மாமி."

ஊரில் யாரும் அப்படிக் கதைக்கவில்லை. கமறியா அறைக்குள் போனாள். அலுமாரிக் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரியில் மகனின் உடுப்போடு சேர்த்துத் தந்ததை மடித்து வைத்திருந்தாள் போலும். அகலமான கறுப்பு வார் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். பிஸ்கட் பெட்டி துள்ளிக் கீழே விழுந்தது.

"எடுத்துப் பாருங்க மாஸ்டர். இரட்டைத் தையல். பதினாறு பொக்கட். ஒரு நூல் விட்டிருந்தா நான் மெசினக் கடல்ல போடுறன். கமெராட பெற்றரி வைக்க எண்டு கேட்டான், தச்சிக் குடுத்தன்."

பதுர்தீன் வந்து ஒரு பொக்கட்டைப் பிதுக்கினார். உருண்டையாய் ஒன்று வெளியே வந்தது. "இது என்ட ஈயம்" என்றார், மெதுவாக. பேர் சொல்லித் திட்டிய தோணிக்காரர்களின் முகமெல்லாம் வரிசையாக அவர் கண்ணுக்குள் வந்திருக்க வேண்டும். அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

மாஸ்டர் வாரை எடுத்துத் தன் இடுப்பில் சுற்றிப் பார்த்தார். பாரசூட்டை இழுக்கும் கைப்பிடி இருக்கும் வலது இடுப்பின் பின்பக்கத்தை அது முழுதாக மூடியது. தரையில் தான் சோதித்தபோது இது இருக்கவில்லை என்றார். விமானத்தில் மாஸ்டர் வெள்ளைக்காரரைத் தன்னோடு கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், உடுப்புக்குள்ளிருந்து எடுத்து எல்லாவற்றுக்கும் மேலால் கட்டியதை அஃப்ராஸ் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னான். வாரைத் திரும்ப உடுப்புக்குள் ஒளித்துவிட்டு, மேலே இழுத்தது போலக் காட்ட முதல் பாரசூட்டை வெங்காயப் பாத்தியில் இருந்தபடியே கையால் இழுத்துப் போட்டதைச் சொல்ல இன்னும் கொஞ்ச நேரம் எடுத்தது.

"கைப்பிடிய ரெண்டு தரம் தேடு, அம்பிடாட்டி நெஞ்சில இரிக்கிற மத்தக் கைப்பிடிய இழு, ரெண்டாவது தொறக்கும். இததானே நான் படிப்பிச்ச?" என்றார் மாஸ்டர். "நீ எத்தின தரம் தேடின?"

அவனுக்குப் பதிலாக றிஸ்னா சொன்னாள்: "மூவாயிரத்து ஐந்நூறிலயிருந்து எழுநூத்தி ஐம்பது வரைக்கும் அந்த வேகத்தில பதினாறு செக்கன், மாஸ்டர். பதினாறு செக்கனும் வாரத் தள்ளிட்டு இருந்திருக்கார்."

"மத்தத இழுத்தா, ஏன் இழுத்த எண்டு விசாரிப்பீங்கதானே" என்றான் அஃப்ராஸ், கூரையைப் பார்த்தபடியே. "வாரக் கண்டா வேலை போயிரும்."

செத்துப்போனால் விசாரிக்க மாட்டார்கள் என்று நினைத்தானோ என்னவோ. கமறியா மெதுவாக மேசைக்கு வந்து வாரைச் சுருட்டி எடுத்தாள். ஒவ்வொரு பொக்கட்டாகத் தையலைத் தடவிப் பார்த்தாள். கேட்டில் நின்று ஊருக்கு முன்னால் சொன்னதற்கெல்லாம் ஒரு மன்னிப்பு வரும் என்று ஜுனைதா முந்தானையைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தாள். வரவில்லை.

"தையல் விடல்லதானே" என்றாள் கமறியா, றிஸ்னாவிடம்.

"ஒரு நூலும் விடல்ல, மாமி. விட்டிருந்தா மச்சான்ட கால் முறிஞ்சிராது."

தேத்தண்ணீர் வராமலே மூவரும் எழுந்து வந்தார்கள். மாஸ்டர் அன்று பின்னேரமே அறிக்கையை எழுதினார். அதில் மடிப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அஃப்ராஸுக்கு வேலை போனது. பதுர்தீன் தோணிக்காரர்களுக்கு முகம் காட்ட முடியாமல் ஒரு மாதம் கரைக்கு வரவில்லை. கமறியாவும் ஜுனைதாவும் அதற்குப் பிறகு ஒருவரோடொருவர் பேசியது இல்லை. மௌத்து வீட்டில், இழவு கேட்கப் போய்க் கண்டால்கூட ஆளுக்கொரு அறையில் இருப்பார்கள்.

றிஸ்னா மிச்ச நாற்பதையும் மடித்து முடித்து, ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து டுபாய் போனாள். அங்கே கல்பிட்டிப் பையன் ஒருவன், ஸுஹைப் என்று பேர், விமானத்துக்கு எண்ணெய் அடிக்கிற வேலை, அவனைக் கலியாணம் முடித்துக்கொண்டாள். வீட்டு உறுதி கேட்கவில்லையாம். அஃப்ராஸ் நுரைச்சோலையில் கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கிறான். போன மாதம் புத்தளத்தில் முஃபீதா என்ற ஆசிரியையை அவனுக்கு முடித்து வைத்தார்கள். பெண் வீட்டார் உறுதியைக் கையில் தந்த பிறகுதான் கமறியா காரிலிருந்து இறங்கினாள் என்று, அந்தக் காரில் கூடப் போனவர்களே சொல்கிறார்கள்.