மூன்றாம் தரத்துக்கு முன் ஒரு மௌனம்

பழைய சாமான் ஏலக்கூடத்தில் ஏலம் கூறுபவருக்கு நாக்குதான் மூலதனம். எங்கள் ஏலக்காரர் ஒரு பீரோவை அறிவித்து, விலை ஏற்றி, மூன்று தரம் சொல்லிச் சுத்தியலைத் தட்டும்போது, தும்ம ஆரம்பித்தவர் தும்மி முடித்திருக்கமாட்டார். அப்படிப்பட்டவர் சில மாதங்களாக 'ரெண்டு தரம்' என்று சொல்லிவிட்டு, எதையோ மறந்தவர்போல நின்றார். குரல் கரகரத்தது. கூடமே வியர்த்து விசிறிக்கொண்டிருக்க, அவர் மட்டும் ஸ்வெட்டர் போட்டிருந்தார்.

முதலாளிக்குப் பரம திருப்தி. அந்த இடைவெளியில் வாங்க வந்தவர்கள் பதறிப்போய் இன்னொரு தடவை கை தூக்கினார்கள். அனுபவம் பேசுகிறது என்று மெச்சிக்கொண்டார்.

ஏலக்காரருடைய மனைவியின் அண்ணன் இன்னும் ஒரு படி மேலே போனார். அவர் மனமலர்ச்சிப் பயிற்சியாளர். விசிட்டிங் கார்டில் பட்டங்கள் போக மிச்ச இடத்தில்தான் பெயர். மனசு தாறுமாறாக ஏறி இறங்காமலிருக்க ஆறு வருடமாக லித்தியம் மாத்திரை சாப்பிடும் தங்கை கணவர் இப்படிச் சாந்தமானது தன் மூச்சுப் பயிற்சியால்தான் என்று மேடைதோறும் முழங்கினார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கவேண்டிய ரத்தப் பரிசோதனை இரண்டு தடவை தவறியதும் அவர் உபயம். அமைதி அடைந்தவனை ஊசியால் குத்துவது அமைதிக்கே அவமரியாதையாம்.

ஏலக்காரருக்கு அமைதி எதுவும் தட்டுப்படவில்லை. தூக்கம்தான் வந்தது. ஈரக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடப்பதுபோல இருந்தது. ஒரு காலையில் மாத்திரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியிடம் சொன்னார்:

"இதை விட்டுடப்போறேன். மனசு சரியா இருக்கு, ஆனா நான் இல்ல."

மனைவி டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டாள். போன தடவை விட்டபோது, ஏலம் கூறப் போனவர் மூன்று பியானோக்களைத் தானே ஏலம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நாலு நாள் தூங்கவில்லை. அப்புறம் ஒரு மாதம் மருத்துவமனை. வீட்டில் யாருக்கும் பியானோ வாசிக்கத் தெரியாது என்பது உபரித் தகவல்.

"ஒரே ஒரு தடவை ரத்தத்தைக் குடுத்துப் பாப்போம். அப்புறம் உங்க இஷ்டம்," என்றாள். இரண்டாவது வாக்கியம் சுத்தப் பொய்.

பரிசோதனை முடிவோடு மனநல மருத்துவரைப் பார்க்கப் போனபோது அண்ணனும் ஒட்டிக்கொண்டு வந்தார். சாந்தநிலையின் ஏழு படிகளை விளக்க ஆரம்பித்தார். டாக்டரம்மா நாலாவது படிவரை பொறுமையாகக் கேட்டார்.

"சார், நீங்க சொல்ற அமைதிக்கு நாங்க தைராய்டு குறைவுன்னு சொல்லுவோம்."

லித்தியம் சிலருக்கு இப்படித் தைராய்டை மந்தமாக்கிவிடும்; அதற்காக அதை நிறுத்த வேண்டியதில்லை, தன்னிஷ்டத்துக்கு நிறுத்தவே கூடாது என்றார். காலையில் வெறும் வயிற்றில் ஒரு குட்டி தைராய்டு மாத்திரை. ஆறு வாரத்தில் மறுபடி ரத்தம். அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, யார் எந்தப் படியில் நின்றாலும் சரி. அண்ணனுக்கு அந்த நேரம் பார்த்து அவசர வேலை வந்துவிட்டது.

இரண்டு மூன்று மாதத்தில் நாக்கு அவிழ்ந்தது. முதலாளியின் முகம்தான் தொங்கிப்போனது. கொஞ்சம் முன்ன மாதிரி நிறுத்தி நிதானமாக என்று இழுத்துப் பார்த்தார்.

"முதலாளி, அது என் தைராய்டு. நான் லீவு முடிஞ்சு இப்பதான் வந்திருக்கேன்," என்றார் ஏலக்காரர். அதற்குள் இரண்டு நாற்காலி விற்றுவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் செருப்பை மாட்டியபடியே சொன்னார்: "லித்தியம் ரெண்டு நாளைக்குத்தான் இருக்கு. வாங்கிட்டு வந்துடறேன்."

மனைவி அதைக் காதில் போட்டுக்கொண்டதாகவே காட்டவில்லை. சமையலறைக்குள் போய்ப் பாயசத்துக்குப் பாலை அடுப்பில் வைத்தாள்.