கம்ப்யூட்டருக்கு மட்டும் மகள்

அந்த வங்கிக் கிளையின் கண்ணாடிக் கதவில் ஆள் உயரத்துக்கு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். கையில் நீல நிறக் கிரெடிட் கார்டு. தலைக்கு மேலே 'இளமைக்கு ஏது எல்லை?' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். எல்லை எங்கே, வட்டி எவ்வளவு என்பதெல்லாம் அவள் பாதத்துக்குக் கீழே, எறும்புகள் படிக்கும் அளவில் அச்சாகியிருக்கும்.

அந்தப் பெண்ணேதான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தன் முகத்தின் மேலேயே கைவைத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

விளம்பரங்களுக்கு முகம் கொடுப்பது அவள் தொழில். இருமல் மருந்துக்காக இருமியிருக்கிறாள், மெத்தைக்காகத் தூங்கியிருக்கிறாள், ஒரு பெயின்ட் கம்பெனிக்காகச் சுவரைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விட்டிருக்கிறாள். பெயர் ஒருவருக்கும் தெரியாது. இந்த போஸ்டர் ஒட்டிய பிறகு தெருவில் எல்லோரும் 'கார்டம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கார்டம்மாவிடம் கார்டு மட்டும் கிடையாது. படத்தில் பிடித்திருந்தது நீலம் பூசிய அட்டைத் துண்டு. படம் எடுத்து முடிந்ததும் அதையும் மறக்காமல் பிடுங்கிக்கொண்டார்கள்.

இப்போது அவளுக்கு நிஜக் கார்டு வேண்டியிருந்தது. கடலோர நகரம் ஒன்றில் ஷாம்பு விளம்பரம். ஹோட்டலில் அறை எடுப்பவர் தன் கிரெடிட் கார்டில் ஒரு தொகையைப் பிடித்து வைக்க விட வேண்டும். காலி செய்யும்போது அதை விடுவித்துவிடுவார்கள். ரொக்கத்தை நீட்டினால் திருடனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். ஏஜென்ட் கறாராகச் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள கார்டு போட்டு ரூமைப் பிடிச்சா நீ. இல்லேன்னா அடுத்த ஆளு." போன தடவை ஒரு பற்பசை அப்படித்தான் கைநழுவியது. அந்த அடுத்த ஆள் இன்று மேம்பாலத்தை அடைத்துக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

கிளை மேலாளர் நாற்காலியில் உட்காரும் ரகமில்லை, அமரும் ரகம். அவர் தொண்டையைச் செருமினால் தண்ணீர் குடிக்க வந்தவர்கள்கூடக் கையெழுத்துப் போடத் தயாராகிவிடுவார்கள். அவளை நிற்க வைத்தே, வரிசைக்கே கேட்கும்படி பேசினார்.

"உங்க விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டர் ஏத்துக்கல."

"ஏன் சார்?"

"உங்களுக்குக் கடன் வரலாறே இல்ல."

"நான் யார்கிட்டயும் கடன் வாங்கினதில்ல சார். அது நல்லதுதானே?"

"உங்களுக்கு நல்லது. வங்கிக்கு இல்ல."

"நீங்க குடுத்தா வரலாறு ஆரம்பிச்சுடும்ல?"

"வரலாறு இருந்தா குடுப்போம்."

பேச்சு செக்குமாடு போல இரண்டு சுற்று வந்து அதே இடத்தில் நின்றது. அவள் கதவைக் காட்டினாள். "சார், வாசல்ல இருக்கறது நான்தான்."

"பார்த்தேன். படத்துல நல்லாவே இருக்கீங்க. ஆனா படம் வேற, பாலிசி வேற. அப்பா என்ன பண்றார்?"

"இல்ல சார். நான் ஸ்கூல் படிக்கறப்பவே போயிட்டார்."

"அதான் பாருங்க. உருப்படியான வருமானத்தோட ஒரு அப்பா இருந்திருந்தா, அவர் கார்டுலயே மகளுக்குன்னு ஒரு துணைக் கார்டு போட்டுக் குடுத்திருப்போம். உங்களுக்குப் பின்னாடி யாருமே இல்லையே." பின்னால் யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று எட்டிப் பார்ப்பது போலக் கழுத்தை நீட்டினார். வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். மேலாளர் சிரித்தால் சிரிக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் எல்லா வரிசையிலும் இருப்பார்கள். "அடுத்தவங்க வாங்க."

அவள் வாடகை வீட்டில் கூட இருந்தவள் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளர். பட்டப்பெயர் கடவாப்பல். அவளுக்கும் அதே வங்கி ஏற்கெனவே கைவிரித்திருந்தது. ஒரே விலாசத்தில் இரண்டு பேர் விண்ணப்பித்தால் சந்தேகமாம். அப்பா அம்மா பிள்ளைகள் என்று ஆறு பேர் ஒரே விலாசத்தில் இருந்தால் குடும்பம், இரண்டு பெண்கள் இருந்தால் கும்பல்.

"கார்டு இல்லன்னா போகட்டும்," என்றாள் கார்டம்மா, பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே. தேய்த்த தேய்ப்பில் கரியோடு பாத்திரமும் போய்விடும் போலிருந்தது. "எங்கப்பாவை எதுக்குடி இழுக்கணும் அந்த ஆளு? எல்லார் முன்னாடியும் எட்டிப் பார்க்கறான், பின்னாடி அப்பா நிக்கறாரான்னு."

"சொல்லு, ராத்திரியோட ராத்திரியா போஸ்டர்ல மீசை வரைஞ்சுட்டு வந்துடறேன்."

"அது என் மூஞ்சிடி."

"சரி, அவன் மூஞ்சி எப்போ கெடைக்குதோ அப்போ பார்த்துக்கலாம்."

அது மறுநாளே கிடைத்தது. மேலாளரே போன் செய்தார். குரலில் வெண்ணெய் தடவியிருந்தது. "அம்மா, வணக்கம்மா. கொஞ்சம் கிளைக்கு வந்துட்டுப் போக முடியுமாம்மா?"

விஷயம் இதுதான். கிளை நடத்தும் கார்டு விழாவுக்குத் தலைமை அலுவலகத்துப் பெரியவர் வெள்ளிக்கிழமை வருகிறார். போஸ்டரில் இருக்கும் பெண்ணே மேடையில் கார்டோடு நின்று நாலு வார்த்தை பேச வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார். விளம்பரத்தை வெளியிடுகிறவர்கள் அதை நம்ப மாட்டார்கள் என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. பெரியவர் நம்பினார். கையில் கார்டு பிடித்திருப்பவளிடம் கார்டு இருக்கும்தானே? மேலாளரும் வாய் சும்மா இருக்காமல், "நம்ம வாடிக்கையாளர்தான் சார். கார்டு இல்லாம வெளிய கிளம்பவே மாட்டாங்க," என்று சொல்லித் தொலைத்திருந்தார்.

இந்த முறை அவளுக்கு நாற்காலி கிடைத்தது. குளிர்ந்த பழச்சாறும் வந்தது. அவள் உறிஞ்ச, மேலாளர் அவள் விண்ணப்பத்தைத் தன் கையாலேயே கம்ப்யூட்டரில் போட்டார். கம்ப்யூட்டர் மறுத்தது. கார்டுப் பிரிவுக்குப் போன் போட்டார். வெகுநேரம் புல்லாங்குழல் வாசித்துவிட்டு ஒரு இளங்குரல் வந்தது.

"நேத்துதான் சார் மறுத்திருக்கோம். நேத்து மறுத்ததால இன்னைக்கும் மறுக்கறோம்."

"நான் கிளை மேலாளர் பேசறேன்."

"ரொம்ப சந்தோஷம் சார். உங்க பிறந்த தேதி சொல்லுங்க."

"எனக்கு எதுக்குய்யா பிறந்த தேதி? காரணம் என்ன, அதைச் சொல்லு."

"காரணம் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்ல சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

மறுபடி புல்லாங்குழல். மேலாளரின் நெற்றியில் வியர்வை அரும்புவதை அவள் ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுக்காமல் பார்த்தாள். பழச்சாறு அவ்வளவு ருசியாக அவளுக்கு எந்த விளம்பரத்திலும் இருந்ததில்லை.

கடைசியில் மேலாளர் தன் சொந்தக் கார்டுக் கணக்கைத் திறந்தார். துணைக் கார்டு. உறவு என்ற இடத்தில் கம்ப்யூட்டர் மனைவி, மகன், மகள், பெற்றோர் என்று நெருங்கிய சொந்தங்களை மட்டுமே ஒப்புக்கொண்டது. அம்புக்குறி மனைவியின் மேல் ஒரு கணம் நின்று, சூடு பட்டாற்போல விலகி, மகளின் மேல் போய் உட்கார்ந்தது.

"அப்போ நான் உங்களுக்கு மகளா சார்?"

"கம்ப்யூட்டருக்கு மட்டும்மா. மேடையில காட்டிட்டு, இறங்கினதும் என் கையில குடுத்துடணும்."

"பொய் எழுதின மாதிரி ஆகாதா?"

"பொய்னு யார் சொன்னா? இதுக்குப் பேரு நடைமுறை."

அன்று மாலை கடவாப்பல் பாதி வாயோடு கேட்டாள். மீதி வாயில் ரொட்டி இருந்தது. "வாங்கி என்ன பண்ணப் போற? இறங்கினதும் புடுங்கிக்கப் போறான்."

"மேடையில உண்மையைச் சொல்லப் போறேன். கார்டு வாங்கிக் குடுத்தது எங்கப்பான்னு சொல்வேன். அப்பா யாருன்னு கேட்டா கையைக் காட்டுவேன். அவ்வளவுதான்."

கடவாப்பல் மென்றுகொண்டே யோசித்தாள். யோசிக்க யோசிக்க மெல்லுவது நின்றது. "மகள் இல்லன்னு சொன்னா வங்கியை ஏமாத்தினவன். வேலை போகும். மகள்தான்னு சொன்னா வீட்டுல பொண்டாட்டிக்குப் பதில் சொல்லணும். எந்தப் பக்கம் கடிச்சாலும் பல்லு போயிடும்டி." பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நைஸா கேட்டா ரூம் போடவாவது கார்டைத் தருவான். இப்படிப் பண்ணினா ஷாம்பு?"

"அதுவும் போயிடும். தெரியும். பரவாயில்ல."

பரவாயில்லை என்று அவள் சொன்ன விதத்தில் நிறையப் பரவாயிருந்தது. ஆனாலும் அவள் மனத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. வராவிட்டால் விடுப்பில் கழித்துவிடுவோம் என்று ஊழியர்களுக்குச் சொன்னால் எந்த மண்டபமும் நிறையும். முன்வரிசையில் மேலாளரின் மனைவி மடியில் கைப்பையோடு அமர்ந்திருந்தார். மேலாளர் புதுக் கோட்டில், தபால்தலைக்குப் போஸ் கொடுப்பவர் போல மேடையில் நின்றார். ஏறும் முன் படிக்கட்டில், அவசரமாக வரவழைத்த கார்டை அவள் கையில் திணித்து, "பத்திரம்," என்றார்.

பெரியவர் மைக்கைத் தானே பிடித்துக்கொண்டார். "இளைஞர்கள்மேல நம்ம வங்கி வெச்சிருக்கிற நம்பிக்கைக்கு இந்தப் பொண்ணு சாட்சி. சொல்லும்மா, இந்தக் கார்டு உனக்கு எப்படிக் கெடைச்சுது?"

அவள் கார்டை உயர்த்திக் காட்டினாள். கைதட்டல் அடங்கும்வரை போஸ்டர் சிரிப்பை மாற்றவில்லை.

"முதல்ல மறுத்துட்டாங்க சார். வரலாறு இல்லன்னு. பின்னாடி யாருமில்லன்னு. அப்புறம் எங்கப்பாதான் அவர் கார்டுல எனக்கு ஒரு துணைக் கார்டு வாங்கிக் குடுத்தார்."

"அருமை. யாரும்மா உங்கப்பா? வந்திருக்காரா?"

"பக்கத்துலயே நிக்கறார் சார்."

பக்கத்தில் மேலாளர் மட்டும்தான் நின்றிருந்தார். பெரியவர் திரும்பினார். "உங்க மகளா? நீங்க சொல்லவே இல்லையே."

"வங்கியிலயே அப்படித்தான் சார் எழுதியிருக்கு," என்றாள் அவள், அடக்கமாக. "வேணும்னா பார்த்துக்கலாம். வங்கி எழுதறது தப்பா இருக்குமா?"

மேலாளர் முன்வரிசையைப் பார்த்தார். மனைவி பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவரைப் பார்த்தார். அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் வரவு செலவைத் தயங்காமல் தீர்மானித்த மனிதர், தன் விஷயத்தில் ஒரு முழு நிமிஷம் எடுத்துக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமினார். செருமல் பாதியில் உடைந்தது.

"ஆமா சார். மகள்தான்."

பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாருங்க. சொந்த மகளா இருந்தும் சிபாரிசு பண்ணாம முதல்ல மறுத்திருக்கார். இதான் நேர்மை." மேலாளரின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, தகப்பன் என்றால் யார், வங்கி என்றால் என்ன, இரண்டுக்கும் என்ன ஒற்றுமை என்று நீளமாக ஆரம்பித்தார்.

அவள் மேடையிலிருந்து இறங்கினாள். படிக்கட்டின் கீழே மேலாளரின் மனைவி நின்றிருந்தார். அவளைக் கைப்பிடித்து ஓரமாக, அடுக்கி வைத்த நாற்காலிகளுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனார்.

"உன்னைப் பெத்தவ யாரும்மா?"

"ஊர்ல தையல் மிஷின் வெச்சிருக்காங்க ஆன்ட்டி. உங்க வீட்டுக்காரரைக் கண்ணால பார்த்ததில்ல. எங்கப்பா இறந்துட்டார். இவர் கம்ப்யூட்டர் அப்பா." நடந்ததை எட்டிப் பார்த்த கழுத்து உட்பட ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லும்போது முதல் முறையாக அவளுக்குக் கொஞ்சம் உறுத்தியது. இந்த அம்மா ஒரு தப்பும் செய்யவில்லை.

அந்த அம்மா மூக்கால் சிரித்தார். "அவருக்கு வேற குடும்பம் இருக்கும்னு நான் ஒரு நிமிஷம்கூட நினைக்கலம்மா. பஸ்ல சீட்டு மாறி உட்காரவே ரெண்டு தடவை யோசிக்கிற மனுஷன். அதுக்கெல்லாம் ஒரு தைரியம் வேணும்." சிரிப்பு சட்டென்று நின்றது. "கல்யாணமான நாள்லேருந்து எனக்கு ஒரு துணைக் கார்டு கேட்டுக்கிட்டிருக்கேன். 'உனக்கு எதுக்கு, உனக்கென்ன வருமானமா'ன்னு கேட்டார். உனக்கு மட்டும் உடனே வந்துடுச்சு. அதுலயும் கம்ப்யூட்டர்ல மனைவிங்கறதைத் தாண்டிப் போய் மகள்ங்கறதை அமுக்கியிருக்கார்."

அவள் கார்டை நீட்டினாள். "இறங்கினதும் அவர் கையில குடுக்கச் சொன்னார் ஆன்ட்டி."

"குடுக்காத. அவரால இனி இதை நிறுத்த முடியாது. பெத்த மகள்னு மைக்ல சொல்லியாச்சு. நாளைக்கே ரத்து பண்ணினா அந்தப் பெரியவரே ஏன்னு கேப்பார். உனக்கு இதுல என்ன வேலை இருந்துச்சுன்னு சொல்லு."

அவள் ஷாம்பு விளம்பரத்தைப் பற்றிச் சொன்னாள். மாலைக்குள் அறையைப் பிடிக்க வேண்டும் என்று சொன்னாள். "ஆனா கார்டு எண்ணைப் போட்டா ரகசிய எண் அவரோட போனுக்குத்தானே வரும்."

அந்த அம்மா கைப்பையைத் திறந்து ஒரு போனை எடுத்தார். "கோட்டுப் பாக்கெட் புடைச்சா போட்டோல அசிங்கமாம். என்கிட்ட குடுத்துட்டுத்தான் ஏறினார்."

மேடையில் பெரியவர் நம்பிக்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் அணைப்புக்குள் நின்ற மேலாளருக்கு, மண்டபத்தின் ஓரத்தில் தன் மனைவி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் போனிலிருந்து ஒவ்வொரு எண்ணாக வாசிப்பதும், அந்தப் பெண் தன் போனில் அதைத் தட்டுவதும் நன்றாகவே தெரிந்தது. ஒரு காலை முன்னால் எடுத்து வைத்தார். பெரியவரின் கை தோளை இறுக்கியது. "இப்படிப்பட்ட அப்பாக்கள்தான் நம்ம வங்கியோட சொத்து," என்றார். கூட்டம் தட்டியது. அவரும் தட்டினார்.

கீழே, அறை கிடைத்துவிட்டதாகச் செய்தி வந்தது. கார்டம்மா அதை இரண்டு முறை படித்துவிட்டு ஏஜென்ட்டுக்கு அனுப்பினாள். இந்தத் தடவை அடுத்த ஆள் கிடையாது. "அவ்வளவுதான் ஆன்ட்டி. காலி பண்ணும்போது அந்தப் பணம் அவருக்கே திரும்பிடும்."

"அது திரும்பட்டும்." அந்த அம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, சாவகாசமாக உட்கார்ந்தார். "அந்த ரூம்ல எத்தனை கட்டில்?"

"ஒண்ணுதான். ஏன் ஆன்ட்டி?"

"ரெண்டு கட்டில் உள்ளதா மாத்தச் சொல்லு. கடல் பார்த்த மாதிரி இருந்தா இன்னும் நல்லது. வயசுப் பொண்ணைத் தனியா அனுப்பிட்டாங்கன்னு நாளைக்கு நாலு பேர் எங்களைத்தானே பேசுவாங்க."

கார்டம்மா தன் போனில் அறையை மாற்றித் தட்டினாள். அந்த அம்மாவின் கையிலிருந்த போன் அடுத்த ரகசிய எண்ணோடு மறுபடி கிணுகிணுத்தது.