முதல் ஏழு இடம்

எங்கள் முதலாளிக்கு நடைப் பைத்தியம். விடிந்ததும் பத்தாயிரம் அடி நடந்துவிட்டுத்தான் துணிக்கடையைத் திறப்பார். திறந்த கையோடு அந்தப் பெருமையை எங்களிடம் அளப்பார். உள்ளூர் டிவி ஒன்று போன் செயலி வழியாக நடைப் போட்டி அறிவித்தபோது மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

"எல்லாரும் சேருங்க! பட்டியல்ல உங்க பேருக்குப் பக்கத்துல நம்ம கடை பேரு வரும். செலவில்லாத விளம்பரம்!"

அதுவரை வாசலிலேயே பிடுங்கி வைக்கப்பட்ட எங்கள் போன்கள் அன்றிலிருந்து சட்டைப் பைக்கு வந்தன.

நானும் அண்ணியும் இரண்டாம் மாடியில் திரைச்சீலைப் பிரிவு. விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாது என்பது கடையின் எழுதாத சட்டம். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் பத்து மணி நேரம் நின்றபடிதான். சுவரில் சாய்ந்தால்கூட மேற்பார்வையாளர் வந்துவிடுவார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கழுகு.

அண்ணிக்கு ஆறாம் மாதம். கால் இரண்டும் வீங்கிப்போய், டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: உட்கார்ந்து வேலை பார், இல்லையென்றால் வேலையை விடு. ஜன்னல் அளவைச் சொன்னால் போதும், எத்தனை மீட்டர் துணி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற ஆள் அவள். அந்த வேலைதான் அவளுக்கு உயிர். ஒரே ஒரு ஸ்டூல் கேட்டோம்.

"ஒருத்திக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பீங்க" என்றார் கழுகு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணிதான் என் கையைக் கிள்ளி வாயை அடைத்தாள். மாதக் கடைசியோடு நின்றுவிடுவதாக அவரிடமே சொல்லியும் விட்டாள்.

அடுத்த வாரம் பட்டியல் வந்தது. முதல் ஏழு இடமும் எங்கள் கடைப் பெண்கள்! கிடங்குக்கும் மேசைக்கும் அலைந்தே ஒரு நாளைக்கு இருபத்து மூன்றாயிரம் அடி வரை போயிருந்தோம். அண்ணி நான்காவது. முதலாளி நூற்றுப் பதினெட்டாவது. 'யார் இந்தப் பெண்கள்? ஓட்டப்பந்தய வீராங்கனைகளா?' என்று ஊரே செயலியில் கேட்டது. பூரித்துப்போன முதலாளி தானே டிவிக்குப் போன் போட்டு நேரலைக்கு அழைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கேமரா வந்தது. மாடி நிறையக் கூட்டம். பேட்டி எடுக்கும் பெண் சிரித்துக்கொண்டே, "வாங்க, உக்காந்து பேசலாம்" என்று திரும்பிப் பார்த்தாள். "நாற்காலி எங்கே?"

மைக் என் முகத்துக்கு நேரே இருந்தது.

"எங்களுக்கு நாற்காலியே கிடையாதுங்க. அதனாலதான் முதல் ஏழு இடம்."

"கிடையாதுன்னா?"

"காலையில வந்து நின்னா, வீட்டுக்குப் போய்த்தான் உக்காருவோம். இவங்க என் அண்ணி. ஆறு மாசம். நாலாவது இடம்."

கேமரா மெல்லக் கீழே இறங்கியது. அண்ணியின் செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது. அதை ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

முதலாளியின் முகம் வெளிறிவிட்டது. விழுந்தடித்து ஓடித் தன் சுழல் நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு வந்தார். "உக்காரும்மா."

அண்ணி பழக்கதோஷத்தில் கழுகைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார். அண்ணி உட்கார்ந்தாள். வாங்க வந்தவர்கள்கூடக் கைதட்டினார்கள். நான் அழுதேன், சிரித்தேன், எது முதலில் என்று நினைவில்லை.

ஒரு மணி நேரத்துக்குள் தெருவிலுள்ள கடைகளிலிருந்து செயலியில் படங்கள் வந்து குவிந்தன. செருப்புக்கடைப் பெண்கள், மருந்துக்கடைப் பெண்கள், கவிழ்த்த பெட்டிகள்மேல் உட்கார்ந்து பல்லைக் காட்டிக்கொண்டு: 'நாங்களும் உக்காந்துட்டோம்!'

திங்களன்று எங்கள் மாடிக்குப் பன்னிரண்டு ஸ்டூல் வந்தது. அண்ணி மாதக் கடைசிப் பேச்சை வாபஸ் வாங்கினாள்.

இந்த வாரப் பட்டியலைப் பார்த்ததும் மாடியே அதிரக் கத்தினேன். "அண்ணி! நீங்க கடைசி இடம்!"

"மானத்த வாங்காதடி" என்று சிரித்தபடி ஸ்டூலில் இருந்தே திரைச்சீலையை மடித்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டுக் கழுகு எங்கள் பக்கம் வந்தார்.

அண்ணி எழுந்திருக்கவில்லை.