தரையில் கிடந்த கோடு

மாதம் தவறாமல் ஜெனி ஒரு படம் வரைந்தாக வேண்டும். திருமங்கலம் போகிற சாலையில் ஒரு தனியார் மருத்துவமனை. அதில் அவள் புள்ளிவிவரப் பிரிவு. பிரிவு என்றால் அவளும் ஒரு கணினியும்தான். மாதாமாதம் நடக்கும் பிரசவங்கள் நீலப் பட்டைகளாக நிற்கும். இறந்துபோன பச்சிளங்குழந்தைகள் சிவப்புக் கோடாக அதன்மேல் ஓடும். இரண்டையும் ஒரே படத்தில் போடுவது மென்பொருளுக்குப் பெரிய வேலையில்லை. வில்லங்கமெல்லாம் அளவுகோலில். நானூறு பிரசவத்துக்கும் நாலு சாவுக்கும் ஒரே அளவுகோல் வைத்தால், கோடு தரையோடு தரையாகக் கிடக்கும். அது கண்ணில் படவேண்டுமென்றால் நூறால் பெருக்கி வரைந்து, வலது ஓரத்தில் அதற்கென்று தனி அளவுகோல் போடவேண்டும்.

பிப்ரவரிப் படத்தில் அப்படித்தான் போட்டாள். கோடு ஏறிக்கொண்டிருந்தது. தலைமை மருத்துவர் இன்பசேகரனுக்கு முகம் சுருங்கியது.

“ஏம்மா ஜெனி, ட்ரஸ்டிங்க உக்காந்து பாக்குற படம் இது. ரெண்டு பக்கம் ரெண்டு ஸ்கேல் போட்டா அவங்களுக்கு என்ன வெளங்கும்? ஒண்ணு போதும்.”

“ஒண்ணுல போட்டா கோடே தெரியாது சார். குழந்தைங்க வார்டுல என்னமோ சரியில்ல.”

“அத நாங்க பாத்துக்குறோம். நம்பர மாத்தச் சொன்னேனா? பொய் சொல்லச் சொன்னேனா?”

சொல்லவில்லைதான். மனுஷன் அதில் கெட்டிக்காரர். நூறால் பெருக்கச் சொல்லும் அந்த ஒரே ஒரு வரியை ஜெனி மென்பொருளில் அழித்தாள். கோடு தொப்பென்று விழுந்தது. கூட்டத்தில் எல்லோரும் பட்டைகளின் உயரத்தைப் பார்த்து மகிழ்ந்து, முந்திரிப் பக்கோடா தின்று கலைந்தார்கள்.

அவள் தங்கை ஷெரினுக்கு அப்போது எட்டாம் மாதம். வருஷக்கணக்காகக் காத்துக்கிடந்து தரித்த பிள்ளை. “அக்கா இருக்குற ஆஸ்பத்திரி, எனக்கென்ன பயம்” என்று அங்கேயே பேர் பதிந்திருந்தாள். வேறு இடம் பார் என்று சொல்ல ஜெனி போனை எடுத்தாள். ஏன் என்று கேட்பாளே! வார்டுக் கதையைச் சொன்னால் வெளியே பரவும், வேலை போகும். வைத்துவிட்டாள். அடுத்த மாதமும் தரையில் கிடந்த கோட்டைப் பார்க்கப் பார்க்க, அப்படியொன்றும் மோசமில்லை என்று அவளுக்கே தோன்றிவிட்டது. தான் வரைந்த படத்தைத் தானே நம்புகிற கூத்தைவிடக் கேவலம் உண்டா?

ஏப்ரலில் பிறந்த பிள்ளை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. இரத்தத்தில் கிருமி என்றார்கள். தங்கை புருஷன் ஜெரால்ட் அந்தச் சின்னப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே கல்லறைக்குப் போனான். பக்கத்தில் உட்கார ஜெனிக்குத் துணிவில்லை. வேறு வண்டியில் போனாள்.

உடம்பு தேறட்டுமென்று ஷெரினைத் தன் வீட்டில் வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, இருவருமே பூசைக்குப் போகவில்லை. அடுத்த கூட்டத்துக்கான படம் மடிக்கணினியில் திறந்திருந்தது. ஷெரின் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அக்கா, இதுல எம்பிள்ளை எங்க இருக்கான்?”

ஜெனி ஏப்ரல் பட்டையின் அடியைத் தொட்டுக் காட்டினாள்.

“ஒண்ணுமே தெரியலையே. இம்புட்டுத்தானா அவன்?”

செத்த பிள்ளை ஒரு கோடாகவாவது எழுந்து நிற்கட்டும் என்று, அழித்த வரியை ஜெனி திரும்ப அடித்தாள். கோடு எழுந்தது. ஏப்ரலில் பட்டையைத் தாண்டி நின்றது.

ஷெரின் அந்த முனையில் விரலை வைத்துத் தடவினாள். பிறகு விரல் கோட்டோடு பின்னால் நகர்ந்தது. மார்ச். பிப்ரவரி. ஜனவரி.

“நான் அட்மிட் ஆகுறதுக்கு முன்னாடியே ஏறுதே.”

ஜெனி மடிக்கணினியை மூடப் போனாள்.

“ஒனக்குத் தெரியுமாக்கா?”

ஷெரின் அக்காவின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். பிறகு உள்ளே போய்த் துணிகளைப் பையில் அடைக்க ஆரம்பித்தாள்.

“அவரை வரச் சொல்லு. நான் எங்க வீட்டுக்குப் போறேன்.”