மூக்குக் கனம்

அன்று மொட்டைமாடியில் இருந்தவர்கள்: வீட்டுக்காரர் நரசிம்மன், மனைவி கிளியம்மாள், மகள் செந்தாமரை, மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் தென்காசிக்காரன் இசக்கியப்பன், கூப்பிடாமலே வந்துவிட்ட எதிர்வீட்டு டில்லிபாபு. இதைப் பற்றி வடக்குப்பட்டில் பேசுகிற மற்ற யாரும் அங்கே இல்லை.

முதலில் படியேறியவர் நரசிம்மன். துணி எடுக்கப் போன மகள் இறங்கி வரவில்லை. அவளுக்கும் இசக்கியப்பனுக்கும் ஒரகடத்தில் ஒரே கம்பெனி, ஒரே ஷிப்ட், ஒரே பஸ். அதுவே அவரைப் பல நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. பாதிப் படியில் அவன் குரல் கேட்டது.

"இப்பம் தலையத் தூக்கத்தான் செய்யும். மூக்குல ஒண்ணு போட்டாச்சின்னா அடங்கிரும்."

"எப்ப போடலாம்?" என்று மகள் சிரித்தாள்.

நரசிம்மனுக்குக் காது சூடேறியது. அவர் குடும்பத்தில் கல்யாணம் நிச்சயமான பிறகுதான் பெண்ணுக்கு மூக்குக் குத்துவார்கள். அதுவும் தாய்மாமன் முன்னால். வாடகைக்கு வந்தவன் நாள் குறிக்கிறானா?

"டேய்! யார் வூட்டுப் பொண்ணுக்கு யார்ரா மூக்குல போடுறது?"

அந்தச் சத்தத்துக்குக் கிளியம்மாள் ஓடிவந்தாள். பின்னாலேயே டில்லிபாபு. "இன்னாண்ணே, நிச்சயம் பண்ணிட்டியா? சொல்லவே இல்ல!"

இசக்கியப்பன் மிரண்டுபோனான். "என்ன அண்ணாச்சி இப்பிடிக் கேக்கிய? நான் ஏரோப்ளேனயில்லா சொன்னேன்!"

செந்தாமரையின் கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தெர்மோகோல் விமானம். கம்பெனி விழாப் போட்டிக்கு இருவரும் ஒரே அணியாம்.

"எங்க, காட்டு" என்றார் நரசிம்மன். அவர் நம்பவில்லை.

இறக்கைகளுக்கு அடியில் பேனாப் புள்ளி வைத்த இடத்தில் செந்தாமரை இரண்டு விரல்நுனிகளைக் கொடுத்துத் தூக்கினாள். வால் சரிந்தது, மூக்கு வானத்தைப் பார்த்தது.

"பாத்தியா நைனா? பின்னாடி கனம். இப்பிடியே வுட்டா மேல ஏறி, பொத்துனு வுழும்."

குழாய் ஓட்டை அடைக்கும் எம்-சீல் பசையை மிளகளவு உருட்டி மூக்கில் ஒட்டினாள். இப்போது மூக்கு தாழ்ந்தது. கொஞ்சம் கிள்ளி எடுத்தாள். விமானம் விரல்நுனியில் மட்டமாக நின்றது.

"ஏரோப்ளேன் மூக்காம்! இதுக்காய்யா ஊரக் கூட்டின?" என்றாள் கிளியம்மாள்.

நரசிம்மன் விமானத்தைப் பார்க்கவில்லை. இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். விமானம் நிஜம்தான். அந்தச் சிரிப்பும் நிஜம்தானே? ரூமைக் காலி பண்ணு என்ற பேச்சு நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"பையன தொரத்திடுவியாண்ணே?" என்று டில்லிபாபு ஆவலாகக் கேட்டார்.

துரத்தினால் ஏதோ இருந்தது என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகும். நரசிம்மன் நிமிர்ந்து நின்றார்.

"எதுக்குத் தொரத்தணும்? எம்பொண்ணு கம்பெனி வேல பாக்குறா. நீ கீழ எறங்கு." பிறகு மகள் பக்கம் திரும்பினார். "இனிமே இத ஹால்ல வெச்சிப் பண்ணுங்க. நானும் பக்கத்துல குந்திகினு பாக்குறேன்."

இசக்கியப்பனை அந்த வாரமே துரத்திவிட்டார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. துரத்தவில்லை. அவன் அதே மாடி அறையில்தான் குடியிருக்கிறான்.