புதன்கிழமைக்குப் போட்ட டிக்

தையல்காரம்மா வீட்டு ரேடியோவில் காலைச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நேற்று அதே சத்தத்தைக் கேட்டு நிம்மதியாக சைக்கிளை மிதித்துப் போன ஜல்லி, இன்று கதவில் காதை வைத்து நின்றான். கதவைத் தட்டி ஐந்து நிமிடமாயிற்று. ரேடியோதான் பேசியது, ஆள் பேசவில்லை. நன்றாக விடிந்த பிறகும் வாசல் பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"அக்கா! யக்கோவ்! நான்தான், ஜல்லி!"

அந்தப் பேர் அவன் வேலை பார்க்கும் கல்குவாரி கொடுத்தது. வயது நாற்பதைத் தாண்டியபின் மாதா கோயில் மாலை வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்றவன் அவன். அந்தக் கோயில் பங்கில் தனியாக இருக்கும் ஏழு பேரைத் தினமும் காலையில் யாராவது போய்ப் பார்ப்பது என்று ஒரு ஏற்பாடு. திங்களும் செவ்வாயும் சலூன்காரர், புதனும் வியாழனும் ஜல்லி, மற்ற நாட்களுக்கு வேறு ஆட்கள். பார்த்தவர் கோயில் வாசலில் ஒட்டியிருக்கும் தாளில் டிக் போடவேண்டும். அதை வைத்துத்தான் புதன் மாலை கோயிலின் பங்குச் செய்தித் தாள் அச்சாகும். 'ஏழு வீட்டாரும் நலம்' என்ற அந்த வாரத்து வரி, நாலாக மடித்து இப்போது அவன் சட்டைப்பையில்தான் இருந்தது.

நேற்று ஆறு வீட்டில் முகம் பார்த்துவிட்டு இங்கே வருவதற்குள் வேலைக்கு ஆள் ஏற்றும் குவாரி லாரி ஹாரன் அடித்துவிட்டது. உடம்பெல்லாம் வலி. சைக்கிளை விட்டு இறங்கச் சோம்பல். தெருவில் நின்றபடியே இரண்டு தடவை சைக்கிள் பெல் அடித்தான். ரேடியோ கேட்டது. இருக்காங்க, போதும் என்று கிளம்பிவிட்டான். டிக் போட மட்டும் மறக்கவில்லை.

வீட்டைச் சுற்றிக்கொண்டு போய் அடுப்படி ஜன்னலில் எட்டிப் பார்த்தான். தரையில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. ஒன்றில் செருப்பு இருந்தது. இன்னொரு செருப்பு தள்ளிக் கிடந்தது, வாசல் பக்கமாக.

அவன் போட்ட கூச்சலில் எதிர்ச் சலூனிலிருந்து சலூன்காரர் கத்தரிக்கோலோடு வெளியே வந்தார்.

"என்னய்யா ஜல்லி, காலங்காத்தால கதவோட மல்லுக்கட்டறே?"

"அக்கா... கீழே..."

அவன் அடுப்படிப் பக்கம் கை நீட்டினான். சவரத்துக்கு உட்கார்ந்திருந்த ஃபாதர் கழுத்தில் துண்டும் ஒரு கன்னத்தில் நுரையுமாக ஓடிவந்தார். வேறு நாளாக இருந்தால் ஊரே சிரித்திருக்கும். ஜல்லி தோளைக் கொடுத்து ஒரே இடியில் தாழ்ப்பாளைப் பெயர்த்தான். தையல்காரம்மா ஒருக்களித்துக் கிடந்தார். வாய் கோணியிருந்தது. மூச்சு நூலாக ஓடிக்கொண்டிருந்தது.

ஆம்புலன்ஸில் வந்த நர்ஸ் முட்டி போட்டுக் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரமா இப்படிக் கிடக்காங்க? இவங்க நல்லா இருந்தத கடைசியா யாரு பார்த்தது?"

"நேத்து காலையில நல்லாத்தான் இருந்திருக்காங்கம்மா, தாள்ல டிக் இருக்கு" என்றார் ஃபாதர். "நம்ம ஜல்லிதான் பார்த்தாரு. இல்லியா ஜல்லி?"

நர்ஸ் எழுதத் தொடங்கினாள்.

"அத எதுக்குங்க எழுதறீங்க?" என்று கேட்டான் ஜல்லி.

"எந்த மருந்து கொடுக்கலாம், எது கூடாதுன்னு டாக்டர் இத வெச்சுத்தான் பார்ப்பாரு. நேரம் தப்பாச் சொன்னா மருந்தே ஆள முடிச்சிடும்."

ஜல்லிக்கு உள்ளங்கை வேர்த்தது. குவாரியில் வெடிக்குத் திரி கொளுத்திவிட்டு ஓடும்போதுகூட இப்படி வேர்த்ததில்லை. சொன்னால் ஊர் காறித் துப்பும். சொல்லாவிட்டால் அக்கா போய்விடுவார்.

"நான் பார்க்கல."

"என்னது?"

"நேத்து அக்காவ நான் பார்க்கல ஃபாதர். தெருவுல நின்னு பெல் அடிச்சேன். ரேடியோ கேட்டுச்சு. டிக் போட்டுட்டேன்."

யாரோ ரேடியோவை நிறுத்தினார்கள். நர்ஸ் திட்டவில்லை. எழுதியதை அடித்துவிட்டு, "அப்ப செவ்வாக்கிழமை?" என்றாள்.

எல்லோரும் சலூன்காரரைப் பார்த்தார்கள். அவர் கத்தரிக்கோலைத் திறந்து திறந்து மூடினார்.

"கடையில கூட்டம்... கொடியில துணி தொங்கிச்சு. ஆள் இருக்காங்கன்னு நெனச்சேன். திங்கக்கிழமை பார்த்தேன், சத்தியமா! 'மொதல்ல உன் மீசைய நேரா வெட்டு'ன்னு வஞ்சாங்க."

"அப்ப மூணு நாளாவா?" நர்ஸின் முகம் மாறியது.

ஜல்லியின் கண் சுவரெங்கும் அலைந்தது. தையல் மிஷினுக்கு மேலே நாள்காட்டி மாட்டியிருந்தது. எழுந்ததும் முந்தின நாள் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் துணி அளவு எழுதுவது அக்காவின் வழக்கம். அவன் எழுத்துக் கூட்டினான். பு... தன்.

"புதன்! நேத்து காலையில கிழிச்சிருக்காங்க! ஆறு மணிக்கு எழுந்திருப்பாங்க, எழுந்ததும் கிழிச்சிடுவாங்க!"

"ஆறு மணி" என்று எழுதிக்கொண்டாள் நர்ஸ். "அது வரைக்கும் நடமாடியிருக்காங்க. இது போதும். தூக்குங்க."

வண்டி போயிற்று. ஜல்லி மட்டும் அடுப்படியிலேயே நின்றான். அவன் பெல் அடித்தது ஆறரைக்கு. அந்தச் செருப்பு வாசலைப் பார்த்துக் கிடந்தது. அப்போதே விழுந்து கிடந்தாரா? இல்லை, பெல் சத்தம் கேட்டு அவசரமாக எழுந்ததில்தான் விழுந்தாரா?

மறுநாள் அவன் முறை இல்லை. ஆனாலும் ஆறு வீட்டுக்கும் போனான்.

"முகத்தக் காட்டுங்க பெரியப்பா."

"சாகலடா, இருக்கேன். போய் வேலையப் பாரு!"

கோயில் வாசலில் பேனாவை எடுத்தான். கை டிக் போட மறுத்தது. ஒவ்வொரு கட்டத்திலும் எழுத்துக் கூட்டி எழுதினான். 'முகம் பார்த்தேன்.' 'பேசினார்.' 'திட்டினார்.' ஏழாவது கட்டத்தில் பேனா நின்றது. அக்கா கண் திறந்துவிட்டார், பேச்சு இன்னும் வரவில்லை என்று ஃபாதருக்கு போன் வந்திருந்தது. பேச்சு வந்தால் அக்கா முதலில் என்ன சொல்வாரோ.

'ஆஸ்பத்திரி. உயிர் இருக்கு. நான் இன்னும் பார்க்கல' என்று எழுதினான்.

குவாரி லாரி ஹாரன் அடித்தது. அவன் சைக்கிளை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினான். தெருமுனையில் கட்டைவிரல் பழக்கத்தில் பெல்லுக்குப் போனது. அடிக்காமல் எடுத்துக்கொண்டான்.